பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் இரண்டு புக்கிட் மேராவும்



எதையும் வீணாகப் போகவிடக் கூடாது என்பது தோட்டத்து வாழ்க்கை நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். மங்கில் உறைந்து கிடக்கும் பாலையும், வெட்டுக் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாலையும் சுரண்டிச் சேர்த்து, ஒட்டுப்பால் என்று சாக்கில் கட்டி நிறுவைக்குத் தூக்கிச் சென்றவர்கள் நம் பெற்றோர். பால்மரங்கள் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ஆனாலும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பழைய இரும்பு, தகரம், அலுமினியப் பானை, செம்புக் கம்பி என்று எது கிடைத்தாலும் வீட்டின் ஒரு மூலையில் சேர்த்து வைக்கிறோம். பழைய சாமான் லோரி வரும் நாளில் எடைபோட்டுக் கொடுத்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு நாலு வெள்ளி பார்க்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைப்பும் சிக்கனமும் சேர்ந்த நல்ல பழக்கம் இது.

ஆனால் அந்த மூலைக்கு ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேரும்போது நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நெற்றியில் கட்டுடன் வகுப்புக்கு வந்தான். பள்ளி விடுமுறையில் அவனும் அவன் அண்ணனும் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருந்த செம்புக் கம்பியை எடுப்பதற்காக அண்ணன் சுத்தியலால் ஓங்கி அடித்தான். 'டம்' என்ற ஓசையுடன் குழாய் வெடித்தது. கண்ணாடிச் சில்லு தம்பியின் புருவத்துக்கு மேலே பாய்ந்தது. ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தால் கண்ணே போயிருக்கும்.

மறுநாள் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். "பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் உடைச்சாங்க வாத்தியாரே. கரண்டே இல்லாத பொட்டி எப்படி வெடிச்சது?" என்று கேட்டார். அன்று எங்களால் அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. புத்தகங்களைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அந்தப் பெட்டியின் கதை நம் பேராக் மாநிலத்து மண்ணோடும் தொடர்புடையது என்பது தெரிய வந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தொலைக்காட்சியின் இதயம் படக்குழாய். 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் பிரவுன் என்பவர் அதன் முதல் வடிவத்தை அமைத்தார். காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதன் பின்புறத்திலிருந்து எலெக்ட்ரான் கதிர் கிளம்பி முன்புறத் திரையில் மோதும். மோதிய இடம் ஒளிரும். இதுதான் அடிப்படை. பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுவதும் தொலைக்காட்சி இந்த முறையில்தான் இயங்கியது.

நம் நாட்டில் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975இல்தான். அந்த வகையில் மலேசியத் தமிழர்கள் அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள் என்று சொல்லலாம். முதலில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், தமிழ்ப் படம் போடும் நாளில் வாசலெல்லாம் தலையாக இருக்கும். தோட்டத்து இஞ்சின் நின்று விளக்கு அணைந்துவிட்டால், கார் பேட்டரியை மாட்டிப் படத்தின் முடிவைப் பார்த்தவர்களும் உண்டு. 1978ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. அதன் பிறகு சிறுகச் சிறுகச் சேமித்தும், தவணைக்கு எடுத்தும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வண்ணப் பெட்டியை வாங்கியது. பாரமான பெட்டி, தூக்க இரண்டு பேர் வேண்டும். அதன்மேல் பூச்சாடியும் சாமி படமும் வைத்து அழகு பார்த்தோம்.

பிறகு காலம் மாறியது. தட்டைத் திரைகள் வந்தன. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய முறை ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, எல்லாம் இலக்கமுறைக்கு மாறியது. தனியாக ஒரு கருவியை இணைத்தால்தான் பழைய பெட்டியில் படம் வரும் என்ற நிலை ஏற்பட்டது. பலர் அந்தச் சிரமம் வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். அப்படி வெளியே வந்த பெட்டிகளில் ஒன்றுதான் அந்தச் சிறுவன் வீட்டில் வெடித்தது.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். கரண்ட் இல்லாத பெட்டி எப்படி வெடித்தது?

நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கு எடை உண்டு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் அது ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. நம் உடலுக்குள்ளும் அதே அழுத்தம் இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. படக்குழாய்க்குள் காற்றே இல்லை. 21 அங்குலத் திரையின் முகப்பு சுமார் 1,200 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அந்த முகப்பில் மட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரம் இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருக்கிறது. கண்ணாடி தடிப்பாக இருப்பதால் தாங்குகிறது. கழுத்துப் பகுதியோ மெல்லியது. அங்கே ஓங்கி அடித்தால் வெளிக்காற்று ஒரே பாய்ச்சலாக உள்ளே புகுகிறது. கண்ணாடி முதலில் உள்நோக்கி நொறுங்கி, பின் நான்கு புறமும் சிதறுகிறது. இதற்கு மின்சாரம் எதற்கு? காற்று ஒன்றே போதும்.

மின்சாரமும் முற்றிலும் போய்விடுவதில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வண்ணப் படக்குழாய்க்கோ சுமார் 25,000 வோல்ட் வேண்டும். அதைப் பெட்டிக்குள்ளேயே ஒரு கருவி உண்டாக்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயின் கண்ணாடி அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளும் அப்படித்தான். மழை நின்ற பிறகும் பீலியில் தண்ணீர் சொட்டுவதில்லையா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சொட்டு ஆளைத் தூக்கி எறியும்.

அடுத்தது கண்ணில் தெரியாத ஆபத்து. நாம் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், கிந்தா பள்ளத்தாக்கில் லம்பம் வெட்டி எடுத்ததும் வெள்ளீயம். தூண்டிலுக்கும் வலைக்கும் குண்டாகக் கட்டுவதும், கார் பேட்டரிக்குள் இருப்பதும் காரீயம். வெள்ளீயத்தால் நமக்குப் பெரிய கேடு இல்லை. காரீயம் நஞ்சு. குழந்தையின் உடலில் அது சேர்ந்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் கவனம் குறையும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. படக்குழாய் ஓடும்போது உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காக, அதன் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறார்கள். பெரிய வண்ணப் பெட்டியில் அது ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். குழாய் முழுசாக இருக்கும்வரை காரீயம் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கிறது. உடைத்துப் பொடியாக்கி, கோழி மேயும் இடத்திலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் கொட்டிவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. மின்பலகையில் கம்பிகளை ஒட்டவைக்கும் பற்றாசிலும் காரீயம் உண்டு.

திரையின் உட்புறத்தில் மாவு போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதைத் தொடவும் கூடாது. மூச்சில் இழுக்கவும் கூடாது. நம் பேராக் மாநிலத்தின் கதை தொடங்குவதும் இந்தப் பூச்சில்தான்.

வண்ணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் புள்ளிகள்தான் உண்டு. மற்ற நிறங்கள் எல்லாம் இவற்றின் சேர்க்கை. தொடக்கத்தில் சிவப்பு மட்டும் மங்கலாகவே தெரிந்தது. 1960களின் நடுவில், இட்ரியம், யூரோப்பியம் என்ற இரண்டு அரிய உலோகங்களைச் சேர்த்தால் பளிச்சென்ற சிவப்பு கிடைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். உடனே உலகெங்கும் இவ்வகை அரிய மண் உலோகங்களுக்குத் தேவை பெருகியது.

அவை பேராக்கிலும் இருந்தன. லம்பத்தில் மணலை அலசி ஈயத்தை எடுத்த பிறகு எஞ்சும் கனமான கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அந்த அமாங்கில் மோனசைட் என்ற தாதுவும் கலந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே தாது உண்டு. மோனசைட்டில் அரிய உலோகங்களோடு தோரியம் என்ற கதிரியக்கப் பொருளும் சேர்ந்தே வருகிறது. ஒன்றை எடுத்தால் மற்றொன்று கழிவாக எஞ்சும்.

1979இல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனம் அதன் முக்கியப் பங்குதாரர்களில் ஒன்று. மோனசைட்டிலிருந்து இட்ரியம் முதலிய அரிய உலோகங்களைப் பிரிப்பது அதன் நோக்கம். ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் ஆலை எழுந்து, 1982இல் இயங்கத் தொடங்கியது.

புக்கிட் மேரா என்றதும் கிரியான் வட்டாரத்து மக்களுக்கு வேறு ஓர் இடம்தான் நினைவுக்கு வரும். 1906ஆம் ஆண்டிலிருந்து நம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் புக்கிட் மேரா ஏரி அது. பாரிட் புந்தாரிலும் பாகான் செராயிலும் நெல் பச்சை பிடித்து நிற்பது அந்த ஏரியால். நாம் சொல்லும் ஆலை அங்கே இல்லை. தெற்கே ஈப்போ பக்கத்தில், அதே பெயர் கொண்ட மற்றோர் ஊரில் இருந்தது. ஒரே மாநிலத்தில் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள்: ஒன்று தண்ணீருக்குப் பேர் பெற்றது, மற்றொன்று கழிவுக்குப் பேர் பெற்றது.

ஆலையின் கழிவை எங்கே புதைப்பது என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. முதலில் பாரிட் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இதுவும் நம் பாரிட் புந்தார் அன்று; பேராக் ஆற்றங்கரையில் உள்ள பாரிட். அங்குள்ள மக்கள் எதிர்க்கவே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1983இல் பாப்பான் என்ற பழைய லம்பத்து ஊருக்கு அருகே குழிகள் தோண்டப்படுவதை மக்கள் கண்டார்கள். 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் 6,700 பேர் கையெழுத்திட்டு அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார்கள். சாலையை மறித்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அனைத்துலக அணுசக்தி முகவையின் நிபுணர்கள் வந்து பார்த்து, அந்தக் குழிகள் போதிய பாதுகாப்பு உடையவை அல்ல என்றார்கள். 1985 ஜனவரியில் குழிகளுக்கான இடம் கிளேடாங் மலைத் தொடருக்கு மாற்றப்பட்டது.

அதற்குள் ஆலையின் பக்கத்திலேயே வாழ்ந்த புக்கிட் மேரா மக்களுக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. 1985 பிப்ரவரியில் அவர்களில் எட்டுப் பேர் ஊர் மக்கள் சார்பாக ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பெரிய நிறுவனத்தை எதிர்த்து நின்றவர்கள் சாதாரண மக்கள். எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இயங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அவர்களுக்காக உழைத்த வழக்கறிஞர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். அதே ஆண்டு அக்டோபரில், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்வரை கழிவை உண்டாக்கவும் சேமிக்கவும் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. 1987இல் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் முழு விசாரணை ஆரம்பமாயிற்று. அடுத்த மாதம் நாடு முழுவதும் நடந்த ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் மீனாட்சி ராமனும் புக்கிட் மேரா மக்களில் சிலரும் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஆயினும் வழக்கு நிற்கவில்லை.

1992ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 14 நாளில் ஆலையை மூடும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்படி மக்கள் தோற்றார்கள். ஆனால் 1994 ஜனவரியில் நிறுவனமே ஆலையை மூடிவிட்டது. அந்த இடத்தைத் துப்புரவு செய்து, கழிவை மலைப் பகுதியில் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அதற்கு ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். தோரியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் தோரியம் இல்லை. அது ஆலையோடு நின்றுவிட்டது. அணைந்து கிடக்கும் பெட்டியிலிருந்து எக்ஸ் கதிரும் வராது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் புக்கிட் மேரா கற்றுத் தரும் பாடம் நம் வீட்டுப் பின்புறத்துக்கும் பொருந்தும். ஒரு பொருளைப் பிரித்து விலையுள்ளதை எடுத்துக்கொண்டால், விலையில்லாதது மறைந்துபோவதில்லை. அது யாருடைய காலடியிலாவது கிடக்கிறது. ஆலை இட்ரியத்தைப் பார்த்தது. கழிவு ஊர் மக்களின் பக்கத்தில் கிடந்தது. நாம் செம்புக் கம்பியைப் பார்க்கிறோம். உடைந்த கண்ணாடி நம் பிள்ளைகளின் காலடியில் கிடக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரிப்பதன் கொடுமைக்கு இன்னும் ஓர் உதாரணம் உண்டு. 2010 ஏப்ரலில் டில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவியைத் தொழிலாளர்கள் பிரித்தார்கள். அதனுள் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றார்கள். விற்றவர்கள் படித்தவர்கள், பாதிக்கப்பட்டவர்களோ அன்றாடக் கூலிகள். ஆகவே, மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்கள் போன்ற அடையாளம் போட்ட எந்தப் பொருளும் கண்ணில் பட்டால், தொடாமல் தூர விலகிப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்சாதனக் கழிவு உண்டாயிற்று. அதில் கால்பங்குகூட முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவாகவில்லை. தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அந்தப் பெட்டிகளுக்கும் ஒருநாள் வயதாகத்தானே செய்யும்? பணக்கார நாடுகளின் கழிவு ஏழை நாடுகளில் வந்து குவியாதபடி தடுக்க 1989இல் பாசல் ஒப்பந்தம் உருவாயிற்று. மலேசியா 1993இல் அதில் சேர்ந்தது. நம் நாட்டுச் சட்டமும் 2005 முதல் படக்குழாய்க் கண்ணாடி முதலிய மின்சாதனக் கழிவுகளை அட்டவணைக் கழிவுகளில் எஸ்.டபிள்யூ. 110 என்ற பிரிவில் சேர்த்து, அனுமதி பெற்றவர்கள்தான் அவற்றைக் கையாள வேண்டும் என்கிறது.

சரி, வீட்டில் பழைய பெட்டி இருந்தால் என்ன செய்வது?

முதலாவது, பெட்டியை முழுசாகவே கொடுத்துவிடுங்கள். சுற்றுச்சூழல் இலாகா அனுமதித்த சேகரிப்பு நிலையங்கள் உண்டு. அருகில் எது என்று மாவட்ட மன்றத்தில் கேட்டால் சொல்வார்கள். முழுப் பெட்டிக்குக் கிடைக்கும் காசு குறைவுதான். சில இடங்களில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் வேலையையும் விட்டால் ஆகும் நட்டத்துக்கு முன் அந்தச் செம்பின் விலை எம்மாத்திரம்?

இரண்டாவது, படக்குழாயை யாரும் உடைக்கக் கூடாது. முதுகு மூடியைக் கழற்றவும் கூடாது. உள்ளே நிற்கும் மின்சாரத்தை இறக்குவது பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. பெட்டியைத் தூக்கும்போது இருவராகத் தூக்குங்கள். கழுத்துப் பக்கம் அடிபடாமல், திரை மார்புப் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள்.

மூன்றாவது, எந்த வயரையும் எரித்துச் செம்பு எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை எரியும்போது வரும் புகையில் அமிலமும், டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டு. அந்தப் புகை பக்கத்து வீட்டுத் தொட்டிலையும் எட்டும். கத்தியால் உறையைச் சீவி எடுங்கள். சுத்தமான செம்புக்குக் கரிந்த செம்பைவிட நல்ல விலையும் கிடைக்கும்.

நான்காவது, தெரியாமல் குழாய் உடைந்துவிட்டால் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி கிளம்பும். கையுறை போட்டுச் சில்லுகளைப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் தடித்த பையில் கட்டித் தனியே வையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தட்டைத் திரைப் பெட்டியானாலும் கவனம் வேண்டும். அவற்றில் பழைய வகைகளின் உள்விளக்கில் பாதரசம் இருக்கிறது.

அந்தத் தாயாரிடம் பின்னர் ஒருநாள் இந்த விவரங்களையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "இத்தனை நாளா இத பொட்டின்னு நெனச்சோம். உள்ள இவ்ளோ இருக்குன்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். நியாயமான கேள்வி. பாப்பான் மக்களும் புக்கிட் மேரா மக்களும் கேட்டது அதே கேள்விதான். அவர்கள் கேட்டதால்தான் நாட்டுக்கே பதில் தெரிந்தது.

ஒட்டுப்பாலைச் சுரண்டக் கற்றுக்கொடுத்த நம் பெற்றோர், மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் சுரண்டவும் கற்றுக்கொடுத்தார்கள். பட்டை கெட்டால் நாளைக்குப் பால் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய சாமானைத் தொடும்போதும் அந்த நினைவு நமக்கு இருக்கட்டும். இன்று மாலை வீட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். பழைய பெட்டி அங்கே கிடந்தால், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், மழை படாமல், திரை சுவரைப் பார்த்தபடி எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.